கேட்டைத் தாண்டாத பாடை

தை 8, வியாழன்

ரயில்காரர்கள் இருபது நாள் வண்டி ஓட்டாமல் நின்ற வருஷம். அதே மாதம் பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்ததாக ரேடியோ சொன்னது. அடுத்த மாதம் கச்சத்தீவு கை மாறியது. கோயமுத்தூரில் கரண்டு வெட்டு. மில்லுகளுக்கு முறை வைத்துத்தான் கரண்டு விட்டார்கள். எழுபத்து நாலு என்று படித்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த நம்பர் வேண்டியதில்லை. அந்த வருஷம் புரட்டாசியில்தான் எங்கள் மஞ்சக் கேட் மில் நின்றது. எந்தச் சங்கமும் சொல்லாமல், தானாக நின்றது.

சொல்வது நான், நஞ்சப்பன். எனக்கு எழுத்து தெரியாது. எழுதுவது என் மருமகள் கிருஷ்ணவேணி. அவள் மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறவள். அங்கே இருக்கிற சங்கத்துக்குச் செயலாளரும் அவள்தான். இந்தத் திங்கட்கிழமை அந்தக் கம்பெனிப் பெண்கள் எல்லாரும் வேலையை விட்டு எழுந்து, வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். சங்கம் நோட்டீஸ் கொடுக்கவில்லை. சங்கம் எழச் சொல்லவும் இல்லை.

இன்றைக்கு லேபர் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. தை இருபத்திரண்டுக்குள் சங்கம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்: இது எங்கள் ஸ்டிரைக் இல்லை, இதைக் கிளப்பிவிட்டவர் இன்னார். அப்படிக் கொடுத்தால் சங்கத்துக்கு ஒன்றும் இல்லை. யார் பேர் அதில் போகிறதோ அவளுக்கு வேலை இல்லை. கொடுக்காவிட்டால் சங்கத்தின் பதிவு ரத்து. கையெழுத்துப் போட வேண்டியது செயலாளர்.

வேணி அந்தத் தாளை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு அடுப்பைத் துடைத்தாள். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது. கை சும்மா இருந்தால் மனசு கண்டதை நினைக்கும், உட்கார், நான் சொல்கிறேன், நீ எழுது என்றேன். தேதி போடச் சொன்னேன்.

"எதுக்குங்க மாமா தேதி?"

"நாளைக்கு எவனாவது கேட்டா, அன்னிக்கு இப்படித்தான்னு காட்டறதுக்கு."

மத்தியானம் அரிசிம்பருப்பு சாதம். உப்பு கூடுதல். அவள் கையில் உப்பு தவறி நான் பார்த்ததில்லை.

தை 9, வெள்ளி

சுற்றின காயிலை வார்னிஷில் முக்கி அடுப்பில் காய வைக்கிற அறை, பெண்கள் உட்கார்ந்து சுற்றுகிற கூடத்தை ஒட்டி இருக்கிறதாம். புகையை வெளியே தள்ளுகிற பெரிய ஃபேன் மார்கழி பிறந்ததிலிருந்து ஓடவில்லை. சங்கம் எழுதிக் கொடுத்தது. பொங்கல் கழியட்டும் என்றது கம்பெனி. பொங்கல் கழிந்தது. திங்கள் மத்தியானம் ஒருத்திக்கு இருமல் வந்து நிற்கவே இல்லை. தண்ணீர் கொடுத்தார்கள், முதுகைத் தட்டினார்கள். சூப்பர்வைசர் வந்து, "இருமறது அவ ஒருத்திதான? மத்தவங்களுக்கு என்ன வேடிக்கை, வேலையப் பாருங்க" என்றிருக்கிறான். அப்புறம் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். இவ்வளவுதான் நடந்தது.

"மொதல்ல எந்திரிச்சது யாரு கண்ணு?" என்று கேட்டேன்.

பேனா நின்றது.

"இத எழுத வேண்டாம்" என்றேன்.

எழுதிவிட்டாள். பதிலை எழுதவில்லை. நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை. சின்ன வெங்காயம் ஒரு படி உரித்து வைத்தேன்.

தை 11, ஞாயிறு

ஞானப்பிரகாசம் வந்தான். லேபர் ஆபீசில் ஜீப் ஓட்டி ரிட்டயர் ஆனவன். எழுபத்து நாலில் மஞ்சக் கேட்டுக்கு ஆபீசரைக் கூட்டி வந்தவனே அவன்தான். அப்போது எதிரி, இப்போது தினமும் டீ குடிக்க வருகிறவன். பென்ஷன் வாங்கி இத்தனை வருஷம் ஆகியும் அரசாங்கத்தை ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்குப் பொறுக்காது.

"சங்கம்னு ஒண்ணு எதுக்கு நஞ்சப்பா? அத்தன பேருக்கும் சேத்து ஒரு வாய் வேணும்னுதான். வாய் சும்மா இருக்கறப்ப கையும் காலும் தனித்தனியா ஆடினா அரசாங்கம் யாரோட பேசறது? அதான் கேக்கறாங்க, யாரு ஆட்டினதுன்னு."

"ஆளுங்க சங்கத்தக் கேக்காம எந்திரிச்சாங்கன்னா, சங்கத்துக் காது மந்தமாயிருச்சுன்னு அர்த்தம். அது வீட்டுச் சண்டை. அவங்களே பேசித் தீத்துக்குவாங்க. அதுல அரசாங்கத்துக்கு என்ன வேலை?"

"என்ன வேலையா? மோட்டார் வரலேன்னா தோட்டத்துல பம்பு செட்டு ஓடாது. தோட்டத்துக்காரன் எங்ககிட்டத்தான வந்து நிப்பான்."

"நீ ஜீப் ஓட்டினவன்யா. உங்கிட்ட எதுக்கு அவன் வந்து நிக்கறான்?"

வேணி சிரித்துவிட்டாள். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. பிரகாசத்துக்குக் கோபம். டம்ளரை வைத்துவிட்டு அவளைப் பார்த்தே சொன்னான்:

"சிரி புள்ள. பதிவு போச்சுன்னா கம்பெனிக்காரன் உங்க எதிர்ல உக்காந்து பேசோணும்னு கட்டாயம் கெடையாது. அப்புறம் ஃபேன் கேக்கறதுக்கும் ஆள் இருக்காது. உன்ற மாமன் வீராப்புல ஃபேன் ஓடுமா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. டீ ஆறிப்போனதால் சொல்லவில்லை.

சங்கத்துக் காது மந்தம் என்று நான் சொன்னது யாரை என்று அவன் போன பிறகுதான் உறைத்தது. செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். சொன்னது சொன்னதுதான். அவளுக்கும் அது தெரிந்துதான் இருக்கும்.

தை 12, திங்கள்

மஞ்சக் கேட் மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. தொழிலாளி யார் செத்தாலும் பாடை மில் கேட் வழியாகத்தான் சுடுகாட்டுக்குப் போகும். பறைச் சத்தம் கேட்டதும் செத்தவனுடைய டிபார்ட்மெண்டில் மெஷினை நிறுத்துவார்கள். பாடை கேட்டைத் தாண்டினதும் மறுபடி ஓட்டுவார்கள். வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகாது. வெள்ளைக்கார மேனேஜர் காலத்திலிருந்து ஒருத்தரும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

ஆறுச்சாமி கார்டிங்கில் இருந்தவன், பஞ்சைச் சிக்கெடுக்கிற இடம். தூசு நெஞ்சில் ஏறி இருமி இருமிச் செத்தான். அப்போது மில்லுக்குப் புது மேனேஜர். கரண்டு இருக்கிற நேரத்தில் எந்தக் காரணத்துக்கும் மெஷின் நிற்கக் கூடாது என்று போர்டில் எழுதிப் போட்டிருந்தார். பாடைக்கும் நிற்காதா சார் என்று யாரோ போய்க் கேட்டார்கள். பாடைக்கும் நிற்காது என்றார்.

பாடையை நாலு பேர் தூக்கினோம். முன்னால் நானும் திம்மையனும். பின்னால் குப்புராஜும் மாரப்பனும். நாலு பேரும் அன்றைக்கு ராத்திரி ஷிப்ட்காரர்கள், அதனால் வெளியே இருந்தோம். கேட்டுக்கு முன்னால் வந்ததும் பறையடிக்கிறவர்கள் வழக்கம்போல அடியைத் தணித்தார்கள். உள்ளே மெஷின் ஓடுகிற இரைச்சல் கேட்டது. பிறந்ததிலிருந்து பழகின இரைச்சல்தான். அன்றைக்கு அது வேறு மாதிரி காதில் விழுந்தது.

பாடையை இறக்கினோம்.

வழியில் ஒரு தடவைதான் பாடையைத் தரையில் வைக்கலாம், சுடுகாட்டுக்கு முன்னால், திசை மாற்றுகிற இடத்தில். அந்த ஒரு தடவையை நாங்கள் மில் கேட்டில் வைத்தோம். இறக்கினது யார் என்று அப்புறம் ஊரே கேட்டது. பாடையை ஒருத்தன் மட்டும் இறக்க முடியாது. நாலு பேரும் ஒன்றாகக் குனிய வேண்டும். ஒருத்தன் முந்தினாலும் பிணம் சரிந்துவிடும். பிணம் சரியவில்லை.

முதலில் கார்டிங் நின்றது. அப்புறம் ஸ்பின்னிங், அப்புறம் நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங். எல்லாரும் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். மேனேஜர் வந்து ஒரு நிமிஷம் நின்றால் போதும், தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம் என்று சொல்லி அனுப்பினோம். அவர் வரவில்லை. பொழுது சாய்ந்தது. பிணத்தை எவ்வளவு நேரம் வைப்பது? மறுபடி தோளில் ஏற்றினோம். ஆனால் கேட்டைத் தாண்டவில்லை. வந்த வழியே திரும்பி, வாய்க்கால் மேட்டைச் சுற்றிக்கொண்டு போய்க் கொள்ளி வைத்தோம்.

மறுநாள் காலையில் ஷிப்டுக்கு வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. பாடை கேட்டைத் தாண்டினால்தான் மெஷினை ஓட்டலாம். பாடை தாண்டவே இல்லை. அப்புறம் எப்படி ஓட்டுவது? ஆயிரம் பேருக்கும் அது ஒரே கணக்காகத்தான் பட்டது. எங்கள் சங்கத் தலைவர் வெளியாள், வக்கீல். அவருக்கே விஷயம் பேப்பர் பார்த்துத்தான் தெரியும்.

தை 13, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வந்தது. வேணி மாடியில் நின்று ரொம்ப நேரம் ஃபோன் பேசினாள். தண்ணீரை நானே பிடித்தேன்.

தை 15, வியாழன்

மகன் தங்கவேல் நாக்பூரிலிருந்து பேசினான். லாரி ஓட்டுகிறான், மாதத்தில் பாதி நாள் வடக்கேதான்.

"அப்பா, அவகிட்ட நீங்க சொல்லுங்க. யாரோ ஒருத்தி பேர எழுதிக் குடுத்துட்டு வேலைக்குப் போகச் சொல்லுங்க. ஊர்ல இருக்கற அத்தன பேர் பாரமும் இவ தலையிலயா?"

"உன்ற பொண்டாட்டிகிட்ட நீயே சொல்லு."

"சொன்னேன். ஃபோன வெச்சுட்டா."

"அப்ப உனக்குப் பதில் வந்துருச்சு" என்று நானும் வைத்துவிட்டேன்.

சாயந்திரம் சபீனா என்கிற பெண் வந்தாள். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. வெளியே வந்த அன்றைக்கு வேப்பமரத்தடியில் சத்தமாகப் பேசினது அவள். அதைக் கம்பெனி கேமரா பிடித்து வைத்திருக்கிறது. யார் பேரையாவது எழுதுவதென்றால் கம்பெனிக்கும் ஆபீசுக்கும் முதலில் கிடைப்பது அவள் பேர்தான்.

"அக்கா, என்ற பேரப் போட்ருங்க" என்றாள், உட்காராமலே. "எனக்கு ரம்ஜான் முடிஞ்சதும் நிக்காஹ். எப்படியும் வேலைய விடத்தான் போறேன். உங்க கைல கெடைக்கறது சும்மா விட்டுப்போற பேரு. எடுத்துக்கோங்க."

"நீயா மொதல்ல எந்திரிச்ச?"

"நான் மூணாவது வரிசைக்கா. எனக்கு முன்னாடி எத்தனையோ பேரு எந்திரிச்சாங்க." அப்புறம், "மொதல்ல யாருன்னு நான் பாக்கல" என்றாள்.

வேணி அவளை உட்கார வைத்துத் தோசை சுட்டுப் போட்டாள். வேண்டாம் வேண்டாம் என்று நாலு தின்றாள். நல்ல பிள்ளை. போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மறுபடி சொன்னாள், "யோசிங்கக்கா."

வேணி அந்தத் தாளை ஃபிரிட்ஜ் மேலிருந்து எடுத்தாள். படித்தாள். அதே இடத்தில் வைத்தாள்.

தை 16, வெள்ளி

எழுபத்து நாலில் வந்த லேபர் ஆபீசரைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல மாட்டேன். ஜீப்பைத் தூரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்து வந்தார். எங்களோடு மண்ணில் உட்கார்ந்தார். பாடை விஷயத்தை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "எறக்கச் சொன்னது யாருப்பா?" என்றார்.

யாரும் சொல்லலீங்க என்றோம் நாலு பேரும்.

அவர் வக்கீல் தலைவரிடம் போனார். இது உங்க சங்கத்து ஸ்டிரைக்கா இல்லையா, இல்லையென்றால் கிளப்பினது யார், எழுதிக் கொடுங்க, இல்லாவிட்டால் பதிவு போய்விடும் என்றார். வக்கீல் எழுதிக் கொடுத்தார். குப்புராஜ், மாரப்பன். இரண்டு பேரும் அதற்கு முந்தின வருஷம் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர்கள். முன்னால் தூக்கின என் பேரும் திம்மையன் பேரும் விட்டுப்போயின. அது ஏன் என்று வக்கீலைத்தான் கேட்டிருக்க வேண்டும். அந்த இரண்டு பேருக்கும் வேலை போனது. நான் அதே மில்லில் கடைசி வரைக்கும் இருந்தேன்.

பேர் கொடுத்த பிறகும் மெஷின் ஓடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். பாடை தாண்டவில்லையே. அப்புறம் அதே ஆபீசர் மேனேஜரிடம் போய் என்ன பேசினாரோ, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் வெறும் பாடை ஒன்று கட்டிப் பறையோடு கேட்டுக்குக் கொண்டுவந்தோம். மேனேஜர் வெளியே வந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். வெறும் பாடை கேட்டைத் தாண்டியது. மெஷின் ஓடியது.

ஆக, மேனேஜரைக் கேட்டுக்கு வரவழைத்ததும் அரசாங்கம்தான். இரண்டு பேர் வேலையைத் தின்றதும் அரசாங்கம்தான். அதனால்தான் சொல்கிறேன், அரசாங்கம் மில் கேட் வரைக்கும் வரட்டும். முதலாளியைக் கூப்பிட்டு நிற்க வைக்கட்டும், ஃபேனைப் பார்க்கட்டும். சங்கத்து ரூமுக்குள் வந்து, உங்களில் யாரை எங்களிடம் கொடுப்பீர்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் கொடுக்கிறதற்கு அங்கே எப்போதும் ஒரு வக்கீல் இருப்பான்.

பதிவு தப்பித்தது. பதிவுத் தாளைக் கண்ணாடி போட்டுச் சங்க ஆபீசில் மாட்டினார்கள். அடுத்த சந்தாவுக்கு ஆபீசைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தனும் போகவில்லை.

"நீங்க போனீங்களா மாமா?"

நானும் போகவில்லை.

தை 18, ஞாயிறு

தைப்பூசம். விடிவதற்கு முன்னாலிருந்து மருதமலைக்குக் காவடி போகிற சத்தம். பிரகாசம் வேதக்காரன்தான், ஆனாலும் பூசத்துக்கு எங்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலை விட மாட்டான்.

தின்றுவிட்டுக் கை கழுவும்போது சொன்னான்: "அன்னிக்கு வெறும் பாடை தாண்டினப்புறம் திரும்பிப் போறப்ப ஜீப்புல எங்க ஆபீசர் அய்யா ஒண்ணு சொன்னாரு. இத்தன வருசமா உங்கிட்டச் சொல்லல. நாலு பேர்ல ஒருத்தன் நெசத்தச் சொல்லியிருந்தாக்கூட அந்த ரெண்டு பேரையும் காப்பாத்தியிருப்பேன் பிரகாசம்னாரு."

"நெசத்தத்தான் சொன்னோம். யாரும் எறக்கச் சொல்லல."

"யாருகிட்டக் கத உடறே? நானும் சவப்பொட்டி தூக்கினவன். நாலு பேரு ஒண்ணாக் குனியறதுக்கு ஒரு கொரல் வேணும்யா."

வேணி எழுதுகிறதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். காவடி பார்க்க நான் எழுந்து வெளியே போய்விட்டேன். நல்ல கூட்டம்.

தை 19, திங்கள்

ஒண்டிப்புதூருக்குப் போனோம், நானும் வேணியும். ஆறுச்சாமி சம்சாரத்தைப் பார்க்க. மகள் வீட்டில் இருக்கிறாள். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவள். காது கேட்கிறது, கண் பார்க்கிறது, முழங்கால் மட்டும் போய்விட்டது.

பிரகாசம் சொன்னது சரி. ஒரு குரல் இருந்தது. எங்கள் பக்கம் பெண்கள் வீதி முக்கு வரைக்கும்தான் பிணத்தோடு வருவார்கள். அன்றைக்கு அவள் முக்கில் நிற்கவில்லை. மற்றவர்கள் இழுத்தும் நிற்காமல் பாடைக்குப் பின்னாலேயே வந்தாள். கேட்டில் அந்த இரைச்சல் கேட்டதும், "எறக்குங்க" என்றாள். கத்தவில்லை. வீட்டில் குடத்தை இறக்கச் சொல்வதுபோலச் சொன்னாள். குனிந்தோம்.

"வா நஞ்சப்பா" என்றாள். "இது யாரு, மருமவளா? மரத்தடியில உக்காந்திருக்காங்களே, அந்தக் கம்பெனியா?"

ஆமாம் என்றேன். காபி வந்தது. வந்த காரியத்தைக் கேட்டேன்: "அன்னிக்கு நீ சொன்னத இப்ப வெளிய சொல்லலாமா?"

அவள் சிரித்தாள். "இப்பத்தான் கேக்கத் தோணிச்சா?"

"உன்ன ரீலிங்ல வேலைக்குச் சேக்கறதாப் பேச்சு இருந்துச்சு. உன்ற பேரு வெளிய போனா அது நடக்காது. சின்னக் கொழந்தைய வெச்சுட்டு நீ எங்க போவேன்னுதான் நாலு பேரும்…"

"நாலு பேரும் பேசிட்டீங்க. அஞ்சாவதா என்னக் கூப்புட்டீங்களா?"

நான் காபியைக் குடித்தேன்.

"குப்புராஜ் பொண்டாட்டி என்ற வீதிதான் நஞ்சப்பா. ரேசன் கடையில அவ நின்னா நான் பையச் சுருட்டிக்கிட்டுத் திரும்பி வந்துருவேன். என்ற பேரக் காப்பாத்தறேன்னு அவ சோத்துல மண்ணப் போட்டீங்க. அந்த மில்லுச் சோத்தத்தான் நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் தின்னேன். அந்த ஆபீசர் எங்கிட்ட வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். செத்தது என்ற புருசன். நிறுத்தச் சொன்னது நான். அத நாலு ஆம்பளைங்க பங்கு போட்டுக்கிட்டீங்க."

அவள் சொன்னதில் பாதி சரி. அன்றைக்கு இருந்த நிலைமை அவளுக்கு முழுசாகத் தெரியாது.

 வேணி கேட்டாள், "எதுக்கும்மா எறக்கச் சொன்னீங்க?"

"மெசினு ஓடற சத்தம் கேட்டுச்சு. வேற ஒண்ணுமில்ல." அப்புறம் அவள் வேணியைக் கேட்டாள்: "உங்க கம்பெனியில யாரு கண்ணு சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. தானா எந்திரிச்சது."

"தானா எந்திரிச்சதுக்கும் ஒரு பேரு இருக்குமே."

வேணி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது கிழவி என் கையைப் பிடித்தாள். "சொல்றதுன்னா என்ற பேரச் சொல்லு. ஆறுச்சாமி சம்சாரம்னு சொல்லி விட்றாத."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள் வேணி. எங்கள் ஸ்டாப் வந்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வந்தோம்.

தை 21, புதன்

மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம். எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள், தூண் ஓரமாக. மண்டபம் முழுக்கப் பெண்கள். பாதிப் பேர் குழந்தைகளோடு.

சபீனாதான் சரி என்று சிலபேர் சொன்னார்கள். அவளே சம்மதித்துவிட்டாள், அவள் எப்படியும் நிற்கப் போகிறவள், சங்கம் தப்பிக்கட்டும் என்றார்கள். சபீனா தலையாட்டினாள். அவர்கள் சொன்னதும் நியாயம் இல்லாமல் இல்லை.

வேணி எழுந்தாள்.

"மொதல்ல எந்திரிச்சது நான்தான்" என்றாள். "சங்கத்துக்காக எந்திரிக்கல. சங்கத்த நெனைக்கவே இல்ல. நாகு இருமிட்டே இருந்தா, அந்த ஆளு அப்படிப் பேசினான், நான் எந்திரிச்சுட்டேன். பின்னாடி பாத்தா எல்லாரும் நிக்கறீங்க. அதுக்கப்புறம் எனக்கு உக்காரத் தெரியல. இத்தன நாளா யாருகிட்டயும் சொல்லாம இருந்ததுக்குப் பயம்தான் காரணம், வேற எதுவும் இல்ல."

 முன் வரிசையில் கண்ணாடி போட்ட ஒருத்தி கணக்காகக் கேட்டாள்:

"வேணி, நீ செயலாளரு. நீ எந்திரிச்சா அது சங்கம் எந்திரிச்சதுதான். நோட்டீஸ் குடுக்காம சங்கம் எந்திரிச்சா பதிவு போயிரும். தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரியும். போனாலும் போகும். சபீனா பேர எழுதிக் குடுத்தா பதிவு இருக்கும். ஆனா நாளைக்கு சந்தாவுக்கு உங்க முன்னாடி வந்து நின்னா, எத்தன பேரு குடுப்பீங்க? நெசமாச் சொல்லுங்க."

கை தூக்கச் சொன்னார்கள். ஸ்டிரைக் எங்களுடையது, பேர் என்று ஒன்று வேண்டுமென்றால் செயலாளர் பேர், வேறு பேர் கிடையாது. இதற்குத் தூக்கின கைதான் அதிகம். தூக்காத கையும் இருந்தது. நாலைந்து பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

எனக்குத் தெரியும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து எழுதும்போது அவளே கேட்டாள், "உங்களுக்குத் தெரியும்தான மாமா?" நான், வெங்காயம் தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்கணும் என்றேன்.

தை 22, வியாழன்

லேபர் ஆபீஸ். இப்போது அங்கே அதிகாரி ஒரு அம்மா. வேணி வயசுதான் இருக்கும். பிரகாசமும் கூட வந்தான். பழைய ஆபீஸ் என்று மிதப்பாக உள்ளே நுழைந்தான்; வாட்ச்மேனுக்குக்கூட அவனைத் தெரியவில்லை.

அந்தம்மா வேணி கொடுத்ததை இரண்டு தடவை படித்தார்.

"செயலாளரே முதல்ல எழுந்ததா எழுதியிருக்கீங்க. இது உங்களுக்கே எதிரா நிக்கும். புரியுதா?"

"புரியுதுங்க மேடம்."

"வேற யார் தூண்டினாங்கன்னு கேட்டிருந்தோம்."

"வேற பேரு இல்லீங்க. மார்கழி மாசத்திலிருந்து ஃபேன நிறுத்தி வெச்சது யாருன்னு கம்பெனியக் கேட்டீங்கன்னா அவங்க ஒரு பேரு சொல்லுவாங்க."

அந்தம்மா பேனாவை மூடினார். பதிவு விஷயத்தில் என் கையில் ஒன்றும் இல்லை, சட்டப்படி நோட்டீஸ் வரும், மாசியில் விசாரணை இருக்கும் என்றார். அப்புறம் ஃபோனை எடுத்து, ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் நாளைக்குக் காலையில் அந்தக் கம்பெனியில் இருக்க வேண்டும் என்று யாருக்கோ சொன்னார். எங்களுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்.

வெளியே வந்ததும் பிரகாசம், "பாத்தியா, அரசாங்கம் வந்தாத்தான் ஃபேன் ஓடுது" என்றான்.

"கேட் வரைக்கும் வந்துச்சு. அதத்தான் நானும் சொல்றேன்" என்றேன்.

"என்னமோ நீ ஜெயிச்ச மாதிரி பேசு" என்று முணுமுணுத்தான். ஆட்டோவுக்கு அவன்தான் கொடுத்தான்.

தை 26, திங்கள்

சனிக்கிழமையிலிருந்து ஃபேன் ஓடுகிறதாம். இன்றைக்குப் பெண்கள் எல்லாரும் உள்ளே போனார்கள். வேணியை மட்டும் கேட்டில் நிறுத்தி, விசாரணை முடிகிற வரைக்கும் வர வேண்டாம் என்று சஸ்பெண்ட் தாளைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறாள். உள்ளே போகிற ஒவ்வொருத்தியும் இந்த மாதச் சந்தாவை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களில் இரண்டு பேரும் கொடுத்தார்களாம். ரசீது எழுதினது சபீனா. ஷிப்டுக்கு நேரமாகி, சூப்பர்வைசர் உள்ளிருந்து கத்தினதும்தான் ஓடினாளாம்.

பதிவு போய்விடும் என்கிறான் பிரகாசம். போகாது என்கிறேன் நான். போனாலும் இதே பெண்கள் இன்னொரு பேரில் இன்னொரு சங்கம் பதிந்துகொள்வார்கள், அதை யாரும் தடுக்க முடியாது. தங்கவேல் நாளைக்கு வருகிறான். வந்து குதிப்பான். குதிக்கட்டும், இரண்டு நாளில் அடங்கிவிடுவான். வேணி இன்றைக்குக் கொள்ளுப் பருப்பு கடைந்தாள். உப்பு சரியாக இருந்தது.

"உங்க மில்லுக் கதைய முடிச்சிருங்க மாமா" என்றாள்.

முடிக்கிறேன். குப்புராஜ் சைக்கிள் கடை வைத்தான். அரசு ஆஸ்பத்திரியில் செத்தான். மாரப்பன் திருப்பூர் போனான், பனியன் கம்பெனியில் இருந்தான், அங்கேயே முடிந்தான். இரண்டு பேர் பாடையும் எந்த மில் கேட் வழியாகவும் போகவில்லை. திம்மையன் போன வருஷத்துக்கு முந்தின வருஷம், தூக்கத்தில். வக்கீல் இல்லை. அந்த மேனேஜர் இல்லை. பிரகாசத்தின் அய்யா இல்லை. மில்லும் இல்லை, அந்த இடத்தில் வீடு கட்டி விற்கிறார்கள்.

அன்றைக்குப் பாடையோடு கேட்டில் நின்றவர்களில், என்னைத் தள்ளிவிட்டால், உயிரோடு இருப்பது ஒருத்தி. இறக்குங்கள் என்று சொன்னவள். மஞ்சக் கேட் மில்லை நிறுத்தினது அவள். சங்கம் இல்லை, நாங்கள் நாலு பேரும் இல்லை. ரீலிங் டிபார்ட்மெண்ட், ஒண்டிப்புதூர், வேலாத்தாள்.